இருட்டுக்காக ஃபுல் ஃபிரேம்: நிக்கான் இசட்5 டூ எவ்வளவு கைகொடுக்கும்?

சிறிய கிராப் சென்சார் கேமராவை விட்டு, பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேமுக்கு மாற நினைப்பவர்களிடம் காரணம் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: வெளிச்சம் குறைந்த இடத்தில் படம் புள்ளி புள்ளியாக வருகிறது. அந்த ஒரு குறையை மட்டும் மனதில் வைத்து நிக்கான் இசட்5 டூ கேமராவை இங்கே எடைபோடலாம். வீடியோ, தொடர்படங்களின் வேகம் போன்றவை இதில் வராது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட இந்த 24.5 மெகாபிக்சல் பாடி (லென்ஸ் இல்லாத கேமரா), நிக்கானின் ஃபுல் ஃபிரேம் வரிசையில் ஆரம்ப நிலையில் நிற்பது. ஆனால் இருட்டில் ஃபோகஸ் பிடிப்பதில் அந்த நிலைக்கு மிஞ்சிய திறமை இதற்கு உண்டு. இருட்டுக்காக மாறுபவர்களுக்குத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன், ஒரு நிபந்தனையோடு: எஃப்/2 அல்லது அதைவிட அகலமாகத் திறக்கும் (எஃப் எண் சிறிதானால் திறப்பு அகலம், ஒளி அதிகம்) ஒரு பிரைம் லென்ஸையும், அதாவது ஜூம் இல்லாத லென்ஸையும், சேர்த்தே வாங்க வேண்டும். கேமராவோடு சேர்த்து விற்கப்படும் கிட் லென்ஸோடு மட்டும் வாங்குவதாக இருந்தால் இப்போதைக்கு மாறாமல் இருப்பதே மேல்.

சென்சார் தருவது ஒன்றேகால் ஸ்டாப்

ஃபுல் ஃபிரேம் சென்சார் 36க்கு 24 மிமீ, அதாவது 864 சதுர மிமீ. நிக்கான், சோனி, ஃபியூஜி பயன்படுத்தும் ஏபிஎஸ்-சி, அதாவது கிராப் சென்சார் ஏறத்தாழ 23.5க்கு 15.6 மிமீ, 367 சதுர மிமீ. கேனனுடையது இன்னும் கொஞ்சம் சிறியது, 332 சதுர மிமீ வரும். அதே காட்சியை, அதே எஃப் எண்ணில், அதே ஷட்டர் வேகத்தில் எடுத்தால் ஃபுல் ஃபிரேம் மொத்தத்தில் 2.36 மடங்கு ஒளியை வாங்கிக்கொள்கிறது. ஸ்டாப் கணக்கில் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரண்டு மடங்கு) இது ஒன்றேகால். கேனன் கிராப்பிலிருந்து வருபவர்களுக்கு 1.4 வரை கிடைக்கும்.

இதனால் நாய்ஸ் (படத்தில் விழும் புள்ளிகள்) ஏன் குறைகிறது? மங்கிய வெளிச்சத்தில் நாம் பார்க்கும் புள்ளிகளில் பெரும்பகுதிக்குக் கேமரா பொறுப்பல்ல. ஒளியே சீராக வந்து விழுவதில்லை. ஒரு பிக்சலில் சராசரியாக 100 ஃபோட்டான் விழும் இடத்தில், ஒருமுறை 91, இன்னொருமுறை 108 என்று ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு இருக்கும்: 100க்கு 10, அதாவது பத்து சதவீதம். 400 ஃபோட்டான் விழுந்தால் 20, ஐந்து சதவீதம்தான். ஆக, நாய்ஸ் பாதியாகக் குறைய ஒளி நான்கு மடங்காக வேண்டும். 2.36 மடங்கு ஒளிக்குக் கிடைப்பது ஒன்றரை மடங்கு தெளிவு. எந்த நிறுவனத்தின் சென்சாரும் இந்தக் கணக்கிலிருந்து தப்ப முடியாது.

நடைமுறையில், ஃபுல் ஃபிரேமில் ஐஎஸ்ஓ (படத்தைப் பிரகாசமாக்கும் அளவு) 6400 படம், கிராப்பில் ஐஎஸ்ஓ 2700 படத்துக்குச் சமமாகத் தெரியும். கைபேசித் திரையில் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே படாது. பெரிய திரையில் முகத்தின் நிழல் பக்கத்தைப் பாருங்கள், அங்கே தெரியும். விளக்குக்கு எதிர்ப்புறம் இருக்கும் கன்னத்திலும் தாடைக்குக் கீழும் கிராப் படத்தில் தோல் நிறம் பச்சையும் கருஞ்சிவப்புமாகத் திட்டுத்திட்டாக உடைந்திருக்கும். காதோரத்து முடி ஒரே கருமையாகக் கலந்துபோயிருக்கும். ஃபுல் ஃபிரேம் படத்தில் அந்தக் கன்னம் சற்று மணல் மணலாக இருந்தாலும் நிறம் மாறாது, முடி இழை இழையாகப் பிரிந்து நிற்கும். ஆள் படங்களை அச்சிடுபவர்களுக்கு இது பெரிய லாபம்.

லென்ஸ்தான் பெரிய பங்கு

இப்போது ஒரு மங்கலான கூடத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே எஃப்/2, 1/125 விநாடி, ஐஎஸ்ஓ 3200 வைத்தால் சரியான எக்ஸ்போஷர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இசட்5 டூவோடு கிட்டாக வரும் 24-50 மிமீ லென்ஸ் எஃப்/4-6.3. அதன் நீண்ட முனையில் எஃப்/6.3தான் கிடைக்கும். எஃப்/2க்கும் எஃப்/6.3க்கும் இடையே மூன்றேகால் ஸ்டாப்புக்கு மேல் இடைவெளி, ஏறத்தாழ பத்து மடங்கு ஒளி. அதே கூடத்தில் கிட் லென்ஸுக்கு ஐஎஸ்ஓ 32000 வேண்டும். சென்சார் கொடுத்த ஒன்றேகால் ஸ்டாப்பை லென்ஸ் இரண்டரை முறை விழுங்கிவிடுகிறது.

மறுபக்கத்தையும் பார்ப்போம். உங்களிடம் ஏற்கெனவே கிராப் பாடியும் ஒரு எஃப்/1.4 பிரைம் லென்ஸும் இருந்தால், அது ஃபுல் ஃபிரேமில் எஃப்/2.1க்குச் சமம். எஃப் எண்ணை 1.5ஆல் பெருக்கினால் இந்த விடை கிடைக்கும். ஃபுல் ஃபிரேமுக்கு மாறி எஃப்/2 லென்ஸ் போட்டால் நாய்ஸில் ஒரு மாற்றமும் இருக்காது. எஃப்/1.8 போட்டால் அரை ஸ்டாப்புக்கும் குறைவான லாபம். எஃப்/1.4 போட்டால்தான் முழுதாக ஒன்றேகால் ஸ்டாப் கைக்கு வரும். மாறுவதற்கு முன் எல்லோரும் ஒரு தாளில் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இது. கையில் இருக்கும் லென்ஸின் எஃப் எண்ணை 1.5ஆல் (கேனன் கிராப் என்றால் 1.6ஆல்) பெருக்குங்கள், வாங்கப்போகும் ஃபுல் ஃபிரேம் லென்ஸின் எஃப் எண் அந்த விடையைவிடத் தெளிவாகச் சிறியதாக இல்லாவிட்டால் இருட்டுக்காக மாறிப் பயனில்லை.

நிக்கான் இசட் வரிசையில் எளிதான தேர்வு 40 மிமீ எஃப்/2. எடை 170 கிராம்தான். முழுதாகத் திறந்து மிக நெருக்கத்தில் எடுத்தால் சற்று மென்மையாக இருக்கும். இரண்டு மீட்டருக்கு அப்பால் குறை சொல்ல ஒன்றுமில்லை. 50 மிமீ எஃப்/1.8 எஸ் லென்ஸ் 415 கிராம், ஓரம்வரை கூர்மை, முழுதாகத் திறந்தே நிம்மதியாகப் பயன்படுத்தலாம். இருட்டுக்கு ஒரே லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால் இதைத்தான் சொல்வேன். அகலக் காட்சி வேண்டியவர்களுக்கு 2024ல் வந்த 35 மிமீ எஃப்/1.4 இருக்கிறது. அதன் ஓரக் கூர்மை எஸ் வரிசை அளவுக்கு இல்லை. ஆனால் இருட்டில் அந்தக் கூடுதல் ஒளிக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

பழைய லென்ஸ் வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். நிக்கானின் கிராப் கேமராவுக்கான டிஎக்ஸ் லென்ஸ்களை இதில் மாட்டினால் கேமரா தானாகவே சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். படம் 10 மெகாபிக்சல் அளவுக்குச் சுருங்கும், நாய்ஸ் பழைய கிராப் கேமரா போலவே இருக்கும். அதாவது புதுப் பாடி வாங்கியும் இருட்டில் ஒன்றும் மாறியிருக்காது. அடுத்தது, பழைய நிக்கான் டிஎஸ்எல்ஆர்களின் எஃப் மவுன்ட் லென்ஸை மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டரில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மோட்டார் உள்ளேயே இருக்கும் ஏஎஃப்-எஸ் லென்ஸ்கள் நன்றாக வேலை செய்யும். ஏஎஃப்-டி வகையைக் கையால்தான் திருப்ப வேண்டும்.

ஃபோகஸ் ஆழம் என்னும் செலவு

அகலத் திறப்பின் ஒளி இலவசமாக வருவதில்லை. இரண்டு மீட்டர் தூரத்தில் நிற்பவரை 40 மிமீ எஃப்/2ல் எடுத்தால் கூர்மையாக இருக்கும் ஆழம் சுமார் 30 செமீ. 50 மிமீ எஃப்/1.8ல் 17 செமீ. 85 மிமீ எஃப்/1.8ல் 6 செமீதான். ஒரு கண் கூர்மை, மறு கண் மங்கல் என்று ஆகிவிடும்.

ஒருவரை எடுக்கும்போது இது அழகு. இரண்டு வரிசையாக நிற்கும் ஆட்களை எடுக்கும்போது தலைவலி. பலரும் யோசிக்காத இடம் இதுதான். கிராப்பில் எஃப்/2.8 வைத்துக் கிடைக்கும் ஆழம் ஃபுல் ஃபிரேமில் வேண்டுமென்றால் எஃப்/4.2க்கு மூட வேண்டும். அப்போது கிராப்பில் ஐஎஸ்ஓ 3200 போதுமாக இருந்த இடத்தில் இங்கே 7200 ஆகும், நாய்ஸ் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும். ஆழம் தேவைப்படும் படங்களே உங்கள் வேலையில் அதிகம் என்றால் பெரிய சென்சார் இருட்டில் உங்களுக்கு உதவாது; ஃபிளாஷ் உதவும்.

இருட்டில் ஃபோகஸ்: இந்தப் பாடியை வாங்கத் தூண்டும் இடம்

மேலே சொன்ன கணக்கெல்லாம் எந்த ஃபுல் ஃபிரேமுக்கும் பொருந்தும். இசட்5 டூவைத் தனியாக நிறுத்துவது அதன் ஃபோகஸ். மைனஸ் 10 இவி (வெளிச்ச அளவு; எண் ஒன்று குறைந்தால் ஒளி பாதி) வரை பிடிக்கும் என்கிறது நிக்கான். பௌர்ணமி நிலவொளியில் தெரியும் நிலப்பரப்பே மைனஸ் 2, மைனஸ் 3 இவி அளவில்தான் இருக்கும்; அதற்கும் பல ஸ்டாப் கீழே என்கிறார்கள்.

இந்த எண்ணை அப்படியே நம்பி மற்றக் கேமராக்களோடு ஒப்பிடக் கூடாது. இது எஃப்/1.2 லென்ஸோடு, ஒருமுறை ஃபோகஸ் பிடித்து நிறுத்தும் ஏஎஃப்-எஸ் முறையில் (லென்ஸ் வகை அல்ல) சொல்லப்படுவது. கேனன் ஆர்6 மார்க் டூவின் மைனஸ் 6.5 இவியும் எஃப்/1.2 லென்ஸோடுதான். சோனி ஏ7 ஃபோரின் மைனஸ் 4 இவி எஃப்/2 அளவில் சொல்லப்படுவது. எஃப்/1.2லிருந்து எஃப்/2க்கு ஒன்றரை ஸ்டாப் குறையும் என்பதால் காகிதத்தில் தெரியும் இடைவெளியில் ஒரு பகுதி அளவிடும் முறையால் வந்தது. அதையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் இசட்5 டூ முன்னால்தான் நிற்கிறது. 2020ல் வந்த முதல் இசட்5, தனியாகக் குறைவெளிச்ச முறையை இயக்கினால்தான் மைனஸ் 3.5 வரை எட்டியது. பழைய இசட்5ஐ மலிவாகக் கிடைக்கிறதே என்று இருட்டுக்காக வாங்க வேண்டாம் என்பதற்கு இது ஒன்றே போதும்.

ஆனாலும் ஃபோகஸ் தவறும் இடங்கள் உண்டு. காரணம் தெரிந்தால் சமாளிக்கலாம்.

முதலாவது, நிக்கான் இசட் கேமராக்கள் நீங்கள் வைத்திருக்கும் அப்பர்ச்சரிலேயே (லென்ஸ் திறப்பிலேயே) ஃபோகஸ் பார்க்கும், எஃப்/5.6 வரை. எஃப்/8 வைத்தாலும் எஃப்/5.6ல் பார்த்துவிட்டுத்தான் மூடும். எஃப்/1.8 லென்ஸைப் போட்டுக்கொண்டு எஃப்/5.6ல் ஃபோகஸ் தேடினால் சென்சாருக்கு மூன்றேகால் ஸ்டாப் குறைவான ஒளியே கிடைக்கிறது. லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். இருட்டில் ஃபிளாஷ் வைத்து எஃப்/5.6ல் எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அடிக்கடி வரும்.

இரண்டாவது, சென்சாரில் ஃபோகஸ் கணக்கிடுவதற்காக உள்ள ஃபேஸ் டிடெக்ட் பிக்சல்கள் ஒரு திசைக் கோடுகளைத்தான் நன்றாக உணரும். கிடைமட்டக் கோடுகள் மட்டுமே உள்ள பொருளில், உதாரணமாக ஜன்னல் திரைச்சட்டத்தில் அல்லது கோடு போட்ட சட்டையில், இருட்டில் திணறும். கேமராவைப் பத்துப் பதினைந்து டிகிரி சாய்த்துப் பிடித்து ஃபோகஸை நிறுத்திவிட்டு நேராக்கினால் போதும்.

மூன்றாவது, உதவி விளக்கு ஏஎஃப்-எஸ் முறையில்தான் எரியும். தொடர்ந்து ஃபோகஸ் தேடும் ஏஎஃப்-சி வைத்துக்கொண்டு விளக்கு வரவில்லையே என்று தேட வேண்டாம்.

நான்காவது, கண் கண்டறிதலை ஆட்டோவில் விடாமல் 'மனிதர்' என்று நிறுத்துங்கள். ஆட்டோவில் விட்டால் மங்கிய வெளிச்சத்தில் பின்னால் இருக்கும் பொம்மை, வாகனம், பறவை படம் என்று கண்டதன்மேல் பெட்டி தாவும். முகம் படத்தில் மிகச் சிறியதாக இருக்கும்போதும் பெட்டி தடுமாறும். அப்போது ஒற்றைப் புள்ளிக்கு மாறி, முகத்துக்கும் கூந்தலுக்கும் நடுவே உள்ள விளிம்பில் வையுங்கள். வெறும் கன்னத்தில் வைத்தால் பிடிக்க ஒன்றும் இருக்காது, விளிம்பில்தான் கான்ட்ராஸ்ட் உண்டு.

வ்யூஃபைண்டர் பற்றி ஒரு எச்சரிக்கை. இதன் வெளிச்சம் 3000 நிட் வரை போகும், வெயிலில் அருமை. இருட்டில் கண் பழகிய பிறகு குறைவாக எக்ஸ்போஸ் ஆன படமும் அதில் பளிச்சென்று தெரியும். வீட்டுக்கு வந்து திறந்தால் இரண்டு ஸ்டாப் இருட்டாக இருக்கும். வெளிச்சத்தைத் தானியங்கியில் விடாமல் கையால் குறைத்து வைத்துக்கொண்டு ஒளி அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமை நம்புங்கள்.

ஐஎஸ்ஓவை எங்கே வைப்பது

இயல்பான எல்லை 100 முதல் 64000 வரை. என் கணிப்பில் 12800 வரை கவலையே இல்லை. 25600க்கு மென்பொருளால் நாய்ஸ் நீக்கினால் நல்ல அச்சு கிடைக்கும். 51200ல் நடந்ததைப் பதிவு செய்துகொள்ளலாம், நிறத்தை எதிர்பார்க்க வேண்டாம். அதற்கு மேல் உள்ள விரிவாக்க எண்கள் விளம்பரத்துக்குத்தான்.

இந்த வகைச் சென்சாரில் ஐஎஸ்ஓ 800 வாக்கில் ஒரு படி இருக்கிறது. அங்கே பிக்சலின் உள் பெருக்கம் உயர்நிலைக்கு மாறி, சென்சாரின் சொந்த நாய்ஸ் சட்டென்று குறையும். அதனால் நிழல் பகுதியில் 640ஐவிட 800 சுத்தமாக இருக்கும். சோனி ஏ7 த்ரீயில் இந்தப் படி 640ல், ஏ7 ஃபோரில் 400ல் வரும். 500, 640 என்று நிறுத்தி வைப்பதற்குப் பதில் 800க்கே போய்விடுங்கள்.

800க்கு மேல் இன்னொரு வசதி. அதே அப்பர்ச்சர், அதே ஷட்டர் வேகத்தில் ரா ஃபைலை (கேமரா பதப்படுத்தாத மூலப் பதிவை) ஐஎஸ்ஓ 800ல் எடுத்து மென்பொருளில் மூன்று ஸ்டாப் ஏற்றினாலும், 6400லேயே எடுத்தாலும் நாய்ஸ் கிட்டத்தட்ட ஒன்றே. 800ல் எடுத்ததில் மூன்று ஸ்டாப் ஹைலைட் (பிரகாசமான பகுதியின் விவரம்) மிச்சமாகும். மேடையில் வெள்ளை உடை அணிந்தவர்மேல் விளக்கு விழும்போதும், படத்துக்குள்ளேயே விளக்கு இருக்கும்போதும் இது கைகொடுக்கும். சங்கடம் என்னவென்றால் திரையில் படம் இருட்டாகத் தெரியும், ஜேபிஜி உடனே கொடுக்க முடியாது. அதனால் எப்போதும் இப்படிச் செய்யத் தேவையில்லை. 3200ல் எடுத்து ஒரு ஸ்டாப் ஏற்றுவது நல்ல நடுவழி.

ஆட்டோ ஐஎஸ்ஓ வைப்பவர்கள் உச்ச வரம்பை 12800 என்றும் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 1/125 என்றும் நிலையாக வையுங்கள். அதை ஆட்டோவில் விட்டால் 40 மிமீ லென்ஸுக்குக் கேமரா 1/40 போன்ற வேகத்துக்கு இறங்கிவிடும். பேசிக்கொண்டிருக்கும் ஒருவரின் கை மங்கிப்போக அது போதும். நடப்பவர்களுக்கு 1/250, ஆடுபவர்களுக்கு 1/500. அசைவால் மங்கிய படத்தை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது, நாய்ஸை நீக்கிவிடலாம். சந்தேகம் வந்தால் எப்போதும் ஷட்டர் பக்கமே சாயுங்கள்.

பாடிக்குள் இருக்கும் நிலைப்படுத்தி 7.5 ஸ்டாப் என்று சொல்லப்படுகிறது. அது கை நடுக்கத்துக்கு மட்டும்தான். கட்டடம், தெரு, பொருள் போன்ற அசையாத காட்சிகளில் 40 மிமீயில் 1/4 விநாடி கையில் பிடித்தே நம்பி எடுக்கலாம், அப்போது ஐஎஸ்ஓ 400, 800க்கே இறங்கிவிடும். முக்காலியில் நீண்ட எக்ஸ்போஷர் எடுக்கும்போது அணைத்துவிடுங்கள்.

விளக்குகள் செய்யும் கோளாறு

இருட்டுப் படம் கெடுவதில் நாய்ஸுக்கு இணையான பங்கு விளக்குகளுக்கு உண்டு, இதைப் பற்றிப் பேசுபவர்கள்தான் குறைவு.

சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் இந்தச் சென்சார் மேலிருந்து கீழ்வரை படித்து முடிக்க ஏறத்தாழ 1/20 விநாடி ஆகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். சென்சார் படித்து முடிப்பதற்குள் ஐந்து முறை. 1/250 போன்ற வேகத்தில் அந்த ஐந்தும் படத்தில் கிடைமட்டப் பட்டைகளாக விழும். பின்சுவர் வெள்ளையாக இருந்தால் பட்டைகள் எண்ணும் அளவுக்குத் தெளிவாகத் தெரியும், பிறகு அகற்றுவது பெரும்பாடு. செயற்கை விளக்கில் மெக்கானிகல் ஷட்டரே பாதுகாப்பு. சத்தம் கூடவே கூடாது என்றால் 50 ஹெர்ட்ஸ் நாடுகளில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் 1/60 அல்லது 1/125 வையுங்கள். மெக்கானிகல் ஷட்டரிலும் ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்த படம் இருட்டாகவும் வந்தால் மெனுவில் ஃபிளிக்கர் குறைப்பை இயக்குங்கள். விளக்கின் உச்சத்துக்காகக் கேமரா கணநேரம் காத்திருந்து ஷட்டரை விடும். தொடர்படங்களின் வேகம் குறையும், அவ்வளவுதான். நிறம் மாற்றிக்கொண்டே இருக்கும் எல்இடிகள் வேறு வேகத்தில் துடிப்பதால் இந்த வழி எல்லா இடத்திலும் பலிக்காது.

அடுத்தது நீல, ஊதா மேடை விளக்கு. அந்த ஒளியில் சென்சாரின் சிவப்பு, பச்சை பிக்சல்களுக்கு அநேகமாக ஒன்றும் கிடைப்பதில்லை, நீலம் மட்டும் நிரம்பி வழியும். முகம் நீலக் களிம்பு பூசியது போல விவரமே இல்லாமல் தட்டையாகும். சாதாரண ஹிஸ்டோகிராம் இதைக் காட்டிக்கொடுக்காது. மூன்று நிறமும் தனித்தனியாகத் தெரியும் ஹிஸ்டோகிராமை வைத்து நீலம் வலது ஓரத்தில் முட்டாதபடி ஒரு ஸ்டாப் குறையுங்கள். நிக்கானின் ஹைலைட் மையமான மீட்டரிங் முறை மேடைக்கு நல்ல தொடக்கம்.

பழைய மஞ்சள் பல்புகளில் நேர்மாறு. அங்கே நீலத்துக்குத்தான் பஞ்சம். வெள்ளை சமநிலைக்காக நீலம் பல மடங்கு பெருக்கப்படுவதால் கருநீல உடைகளில் நாய்ஸ் முதலில் தலைகாட்டும். பகல் வெளிச்சச் சோதனைப் படங்களைப் பார்த்து "12800 சுத்தமாக இருக்கிறது" என்று முடிவு கட்டியவர்கள் இங்கே ஏமாறுவார்கள். மஞ்சள் விளக்கில் உங்கள் வரம்பை ஒரு ஸ்டாப் கீழே இறக்கி 6400 என்று வைத்துக்கொள்ளுங்கள். சற்று வெப்பமான நிறத்தை அப்படியே விட்டுவிட்டால் நாய்ஸும் குறையும், இடத்தின் இயல்பும் நிற்கும்.

மற்ற பாடிகள்

ஆர்6 மார்க் டூ (2022), ஏ7 ஃபோர் (2021), இசட்6 த்ரீ (2024), இசட்5 டூ ஆகியவற்றை ஒரே அளவு அச்சில் பக்கத்தில் வைத்தால் உயர் ஐஎஸ்ஓ நாய்ஸில் வித்தியாசம் மிகச் சிறிது. நாய்ஸை வைத்து இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது வீண் வேலை.

வேறு காரணங்கள் இருக்கின்றன. ஆர்6 மார்க் டூவின் எலக்ட்ரானிக் ஷட்டர் இசட்5 டூவைவிடப் பல மடங்கு வேகமாகப் படிக்கும். அமைதியான இடங்களில் சத்தமில்லாமல் எடுப்பதே தொழில் என்றால் அது மேல். ஆனால் அதன் ஆர்எஃப் மவுன்டில் மற்ற நிறுவனங்களின் ஃபுல் ஃபிரேம் ஆட்டோஃபோகஸ் லென்ஸ்கள் மிக அரிது. பழைய ஈஎஃப் லென்ஸ்கள் கேனன் அடாப்டரில் குறையின்றி வேலை செய்வது ஆறுதல். சோனிக்கு லென்ஸ் வகை ஏராளம். ஆனால் ஏ7 ஃபோரின் 33 மெகாபிக்சல் சென்சார் எலக்ட்ரானிக் ஷட்டரில் படிக்க ஏறத்தாழ 1/15 விநாடி எடுக்கும், பட்டைத் தொல்லை இன்னும் கூடுதல். இசட்6 த்ரீ வேகமானது. அந்த வேகத்துக்கு விலையாக ஐஎஸ்ஓ 100ல் நிழலை ஏற்றும்போது சற்றுக் கூடுதல் நாய்ஸ் காட்டும், உயர் ஐஎஸ்ஓவில் அந்த வேறுபாடு மறைந்துவிடும். 12 மெகாபிக்சல் சோனி ஏ7எஸ் த்ரீ இருட்டின் அரசன் என்று பெயர் வாங்கியது வீடியோவில். புகைப்படத்தில் அதன் லாபம் மிக உயர்ந்த ஐஎஸ்ஓவில்தான் தெரியும், அதற்காகப் பாதி மெகாபிக்சலை இழப்பது தேவையில்லை.

பழைய டிஎஸ்எல்ஆர் பக்கம் போகலாமா? 2014ல் வந்த நிக்கான் டி750 போன்ற ஒன்று கைமாறிக் கிடைத்தால் நாய்ஸில் இன்றைய பாடிகளுக்கு வெகு அருகில் நிற்கும். ஃபோகஸ்தான் வித்தியாசம்: மைனஸ் 3 இவி வரைதான், அதிலும் எஃப்/1.8 லென்ஸில் ஃபோகஸ் சற்று முன்னே அல்லது பின்னே விழுவதை ஒவ்வொரு லென்ஸுக்கும் தனியாகச் சரிசெய்ய வேண்டும். பொறுமை உள்ளவர்களுக்கு அது இன்றும் நல்ல வழிதான்.

வாங்கும் முன் கையில் இருப்பதை வைத்து

இப்போதுள்ள கிராப் கேமராவில் ரா ஃபைலாக எடுத்து, இன்றைய நாய்ஸ் நீக்கும் மென்பொருளில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். டிஎக்ஸ்ஓவின் டீப்பிரைம் 2020ல் வந்தது, அடோபி லைட்ரூமில் டினாய்ஸ் 2023 ஏப்ரலில் வந்தது. இரண்டும் ரா ஃபைலில் செய்யும் வேலை, கண்ணளவில் சொன்னால், சென்சார் மாற்றத்தைவிடப் பெரிது. அதிகமாகத் தள்ளினால் தோல் மெழுகு போலாகும், தூரத்து முகங்களில் இல்லாத கோடுகள் முளைக்கும். லைட்ரூமில் அளவை 50க்குப் பதில் 30, 35ல் நிறுத்தி, கொஞ்சம் மணலை விட்டுவைப்பது நல்லது. இதன்பிறகும் படம் போதவில்லை, அல்லது படம் சரி, ஃபோகஸ்தான் பிடிக்கவில்லை என்றால் பாடியை மாற்றலாம்.

மாற்றுபவர்கள் 50 மிமீ எஃப்/1.8 எஸ் அல்லது 40 மிமீ எஃப்/2 லென்ஸையும் பாடியையும் தனித்தனியாக வாங்கட்டும், கிட்டை விட்டுவிடட்டும். புதுப் பாடி வந்தவுடன் லென்ஸ் மூடியைப் போட்டு ஐஎஸ்ஓ 3200ல் 1 விநாடி ஒன்று, 30 விநாடி ஒன்று எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். 30 விநாடிப் படத்தில் சில நிறப் புள்ளிகள் தெரிவது இயல்பு. 1 விநாடிப் படத்திலும் அதே இடத்தில் பளிச்சென்ற புள்ளிகள் நின்றால் மெனுவில் உள்ள பிக்சல் மேப்பிங்கை ஒருமுறை ஓட்டுங்கள். அதன் பிறகும் போகாவிட்டால் திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடியும் முன்பே மாற்றிக்கொள்ளுங்கள்.